பார்சிலோனாவில் ஓர் ஆனி அமாவாசை

வெம்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு வேலைக்கு வரும் காலைப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பியதும் கைப்பேசி அடித்தது. ஏகாம்பரம் அண்ணன். கஸ்தூரி அக்காவின் கணவர். பத்து வருடத்தில் அவர் ஒருமுறைகூட என்னை அழைத்ததில்லை. அதனால் எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "கஸ்தூரி போய்ட்டாம்மா. விடியக்காலைல. சாயந்தரமே எடுத்துருவோம்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். கண்டக்டர் எந்த ஊர் என்று இரண்டு முறை கேட்டார். தினமும் அதே பஸ்ஸில் வருகிறவள் என்பதால் அவரே ஆரணிக்கு டிக்கெட் கிழித்துக் கையில் வைத்தார்.

முள்ளிப்பட்டு கஸ்தூரியை உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு இருபத்தைந்து வருடம் பட்டு நெய்தவர். நாற்பத்தைந்து வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி, செயலாளர் என்ற முறையில் என்னிடமே சொன்னார்கள். நல்ல நெசவாளி, நல்ல தாய், சங்கத்துக்குப் பேரிழப்பு என்று எழுதினால் வேலை முடிந்துவிடும். அப்படித்தான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இது ஒரு பக்கத்தில் அடங்காது. இடம் போதவில்லை என்றால் விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதை இது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கைத்தறிக் கண்காட்சிக்காக ஸ்பெயின் நாட்டில் உள்ள பார்சிலோனாவுக்கு ஆரணிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் போனார்கள். தறியில் நெய்து காட்டப் போனவர் கஸ்தூரி. கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவாள் என்று துணைக்கு அனுப்பப்பட்டவள் சங்கத்தில் எழுத்தராக இருந்த செல்வி, அதாவது நான். அங்கே ஓர் இரவு கஸ்தூரி தனியாக வெளியே போய்க் கடற்கரையில் ஆடிவிட்டு விடிந்து வந்தாள். செல்வி அறையில் தூங்கிவிட்டாள். முள்ளிப்பட்டில் இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் ஒரு வரி பொய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆள் தேர்வு செய்யச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கேள்வி ஏதாவது உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார். மற்ற பெண்கள் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டார்கள். கஸ்தூரி அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஊர்ல ராத்திரிக்கு இன்னா சார் பண்ணுவாங்க?" அதிகாரி சிரித்துவிட்டு, "தூங்குவாங்கம்மா" என்றார்.

ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று விமானத்தில் விசாரித்தேன். "வெளக்கு வெச்சா சோறு. சோறு ஆனா மறுபடி தறி. தறிய வுட்டா தாப்பா. கல்யாணம் ஆயி பதினாறு வருசமா ராத்திரின்னா எனக்கு எங்க வூட்டுத் தாப்பாதான். மத்தவங்க ராத்திரி எப்படி கீதுன்னு பாக்க வாணாமா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அந்த ஊரில் என்ன பயிர் விளையும் என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

பார்சிலோனாவில் அந்த மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வெயில் சாய்கிறது. நாங்கள் கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து தின்றுவிட்டுப் படுக்கும் நேரத்தில் அந்த ஊர் குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்புகிறது. எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு குறுகலான தெரு. கடைக்காரர்கள் மேசை நாற்காலிகளைத் தெருவிலேயே போட்டுவிடுவார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், கைத்தடியோடு ஒரு கிழவி, கட்டிப்பிடித்து நிற்கும் ஒரு ஜோடி, எல்லோரும் அந்த ஒரே தெருவில். நடுராத்திரி தாண்டி ஒருவர் கிதார் வாசிக்க, ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் தின்றபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இந்நேரத்துக்கு எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அக்கா ஜன்னல் கட்டையில் மோவாயை ஊன்றிக்கொண்டு நகராமல் நின்றார். "தூங்குங்கக்கா, காலைல தறியில உக்காரணும்" என்றேன். "தூங்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?" என்றார்.

பகலில் எங்களுக்கு வேறு பேஜார். கண்காட்சிக் கூடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கடல் காற்றுப் பட்டுப் பட்டுப் தறியின் நீள நூலான பாவு நமுத்துப்போய் இழை இழையாக அறுந்தது. ஐப்பசி மழையில் நம் வீடுகளில் தறிக்குழிக்குள் கரியடுப்பு வைப்போமே, அங்கே குழியும் இல்லை, கரியும் இல்லை. மரச்சட்டத்தில் பூட்டிய தறி. எங்களோடு வந்திருந்த அதே சென்னை அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா விடுதிக் குளியலறையிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து பாவுக்குச் சூடு காட்டினார். மறுபடி தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடியது. பார்க்க வந்தவர்கள் அதுவும் நம்முடைய பழைய முறைகளில் ஒன்று என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் மார்த்தா, என் வயதுப் பெண். நாலாவது நாள் மாலை, அதிகாரியிடம் அனுமதி வாங்கி, பத்து மணி வரை எங்களைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனாள். கடலைப் பார்த்துப் போகும் அகலமான நடைபாதைத் தெரு, இரண்டு பக்கமும் மரம். பூக்கடை, பறவைக் கூண்டு, வித்தை காட்டுகிறவர்கள். ஓரிடத்தில் உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சு பூசிக்கொண்டு ஒரு பெண் இமைக்காமல் சிலையாக நின்றாள். கடையில் புடவையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அக்கா அவள் துணியைத் தொட்டுப் பார்த்தார். சிலை அசையவில்லை. இடுப்பிலிருந்து ஒரு முழம் ஜரிகை இழையை எடுத்து அவள் தட்டில் போட்டார். சிலை குனிந்து அதை எடுத்தது. தன் விரலில் மோதிரமாகச் சுற்றிக்கொண்டு, அக்காவை நேராகப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி சிலையாகிவிட்டது. அறைக்கு வந்த பிறகும் அக்கா அதையே பேசிக்கொண்டு இருந்தார். அந்தப் பெண்ணின் கண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

அப்புறம் ஆனி அமாவாசை வந்தது. நெசவுத் தெருவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். அமாவாசையன்று நாங்கள் தறியில் கை வைப்பதில்லை. தறியைத் துடைத்துப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு அதற்கும் ஓய்வு கொடுப்போம். சாயந்தரம் தெருவே கிளம்பிச் சினிமாக் கொட்டகைக்குப் போகும். அக்கா ஊரிலிருந்தே தினசரி நாட்காட்டியை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அன்று காலை கூடத்துக்கு வந்து தறிக்குப் பொட்டு வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார்.

அன்றைக்கென்று பெரிய ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதிகாரி கெஞ்சினார், அதட்டினார். "இந்த ஊர்ல எவனுக்கும்மா தெரியும் அமாவாசை?" என்றார்.

"தறிக்குத் தெரியும் சார்" என்றார் அக்கா.

எனக்குத்தான் பயம். என் வேலை அப்போது தற்காலிகம். நிரந்தரமாக்கும் கோப்பு எங்கோ ஒரு மேசையில் கிடந்தது, அந்த அதிகாரி நினைத்தால் அது அங்கேயே கிடக்கும். என்ன தகராறு என்று மார்த்தா கேட்டாள். நிலா இல்லாத நாளில் நெய்யமாட்டார்கள் என்று என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் கைதட்டிச் சிரித்தாள். அன்று இரவு அவர்களுக்கும் திருநாளாம். வருடத்திலேயே மிகக் குட்டையான இரவுகளில் ஒன்று. ஊர் முழுக்கக் கடற்கரையில் தீ மூட்டி விடியும்வரை தூங்காமல் இருப்பார்களாம். அதை நான் தமிழில் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "அப்ப இவங்களுக்கும் இன்னிக்கி லீவுதான். போலாம்டி" என்றார்.

அறையை விட்டு வெளியே போனால் ரிப்போர்ட் எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி சீக்கிரமே படுத்துவிட்டார். அவர் அறை எங்களுக்கு அடுத்த அறை. "ஒனக்கு வேலை போயிரும், நீ வர வாணாம். மார்த்தா கீறா இல்ல, நான் போய்ட்டு வந்துர்றேன்" என்றார் அக்கா. வேண்டாம் என்றுதான் சொன்னார். நானாகத்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதிகாரியின் கதவைத் தாண்டி, அவர் பின்னாலேயே படியிறங்கினேன்.

கடற்கரை நெடுக நெருப்பு. உடைந்த நாற்காலி, பழைய கட்டில், கதவு எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். பட்டாசு வேறு. "போகியும் தீபாவளியும் ஒண்ணா வந்துருச்சு" என்றார் அக்கா. மார்த்தாவின் நண்பர்கள் பத்துப் பேர் ஒரு நெருப்பைச் சுற்றி இருந்தார்கள், பெண்களும் ஆண்களும். கைகோத்து வட்டமாக ஒரு ஆட்டம் ஆடினார்கள். கால் இரண்டு முறை இப்படி, மூன்று முறை அப்படி என்று கணக்கு. எனக்குத் தடுமாறியது. அக்கா கொஞ்ச நேரம் அவர்கள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது மிதிதான்டி. நம்ம தறியில மிதி மிதிக்கற கணக்குதான்" என்று சொல்லிவிட்டு வட்டத்துக்குள் நுழைந்தார். ஒரு அடிகூடப் பிசகவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் அசந்துபோனார்கள். முப்பத்தைந்து வயதில், மூக்குத்தியும் மெட்டியுமாக, மணலில் அவர் ஆடியதைப் பார்த்து நான் என் பயத்தை மறந்துவிட்டேன்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் திணித்தார்கள். சிவப்பாக, ஆரஞ்சுத் துண்டு மிதந்தது. பழரசம் என்று நினைத்துக் குடித்தேன். இரண்டாவது கோப்பையில் பழரசம் இல்லை என்று தெரிந்தது, தெரிந்தும் குடித்தேன். அக்கா குடிக்கவில்லை. அமாவாசை விரதம். அன்று முழுக்க வாழைப்பழமும் தண்ணீரும்தான். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், முள்ளிப்பட்டுப் பெரியவர்களே. அந்தக் கடற்கரையில் எங்கள் இருவரில் குடித்தவள் ஒருத்திதான், அது கஸ்தூரி இல்லை.

நடுநிசியில் எல்லோரும் கடலுக்கு ஓடினார்கள். அந்த இரவில் கடலில் நனைந்தால் நல்லது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அக்கா நின்ற இடத்தில் நின்று கேட்டார். "அமாவாசையன்னிக்கி இவங்களும் சமுத்திரத்துல முழுகறாங்களா?" அதற்குமேல் அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. புடவையோடு இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். செத்துப்போன தன் அம்மாவை நினைத்துக் கையில் நீரை அள்ளி அள்ளி விட்டார். கரையேறி வந்து, ஈரத்தோடு மறுபடி ஆடினார். கடைசியில் என் கையைப் பிடித்து நெருப்பைத் தாண்ட வைத்தார். அப்போதுதான் மார்த்தா எங்களைப் படம் எடுத்தாள்.

விடியற்காலை செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பினோம். ரொட்டிக் கடையில் விளக்கு எரிந்தது. "ஒரு ராத்திரிய மொத்தமா, அறுக்காம, இன்னிக்கிதான்டி பாத்தேன்" என்றார் அக்கா. அதிகாரியின் குறட்டை கதவுக்கு வெளியே கேட்டது. அவர் எந்த ரிப்போர்ட்டும் எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சங்க முகவரிக்கு மார்த்தாவின் உறை வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. ஐந்து படங்கள். நான்கில் அக்கா மட்டும். ஒன்றில் நாங்கள் இருவரும். அந்தச் சமயம் வெம்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். அந்த ஐந்தாவது படத்தைப் பார்த்த நொடியில் என் கை அதைத் தனியாக எடுத்து நோட்டுக்குள் வைத்துவிட்டது. மற்ற நான்கையும் அக்காவிடம் கொடுத்தேன். ஆசை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் நெருப்பாண்ட கை கோத்துகினு நின்னமே, அது வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "பாவம், மறந்துட்டிருப்பா" என்று மார்த்தாவுக்காகச் சமாதானம் சொன்னார்.

நானாக இருந்தால் அந்த நான்கையும் அரிசிப் பானைக்குள் ஒளித்திருப்பேன். அக்கா ஒன்றைச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஈரப் புடவை, பின்னால் நெருப்பு, அவர் கையைப் பிடித்தபடி மார்த்தாவின் நண்பன் ஒருவன். அவருடைய மூத்தார், அதாவது ஏகாம்பரத்தின் அண்ணன், பொங்கல் துணி கொடுக்க வந்தவர், அதைப் பார்த்தார். ஒரு வாரத்தில் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். கூடப் போனவள் என்று என்னையும் வரச் சொன்னார்கள்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். வெம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு உறவான ஒருவர் உங்களோடு தூணோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீயும் போனியாம்மா?" என்று கேட்டீர்கள். "இல்லீங்க. நான் ரூம்ல தூங்கிட்டேன்" என்றேன். நாக்கு குழறவில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. உங்களில் ஒருவருக்கு நம்பிக்கை வரவில்லை. தட்டில் கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் நீட்டி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். கையைத் தூக்கினேன். பொய்ச் சத்தியம் செய்வதா, எல்லோர் முன்னாலும் அழிந்துபோவதா என்று அந்தச் சுடரைப் பார்த்தபடி நின்றேன்.

அதுவரை தலைநிமிர்ந்து பேசாமல் நின்ற அக்கா அப்போது வாய் திறந்தார். "அவள எதுக்கு சத்தியம் பண்ணச் சொல்றீங்க? கல்யாணம் ஆவப் போற பொண்ணு. அவ தூங்கிட்டா. நான்தான் தனியா போனேன்."

"குடிச்சியா?"

"இல்ல. அமாவாசைக்குக் கடல்ல முழுகனேன், ஆடனேன். அது தப்புன்னா நீங்களே சொல்லுங்க."

தட்டை என் முன்னாலிருந்து எடுத்துவிட்டார்கள். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. நான் கையை இறக்கிக்கொண்டேன். தான் சொல்வது பொய் என்று அக்காவுக்குத் தெரியும். நான் சொன்னதும் பொய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் என் கல்யாணத்தையும் வேலையையும் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, மொத்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். இனி வெளியூர் வேலைக்குப் போகக் கூடாது, பொழுது சாய்ந்தால் வாசல் தாண்டக் கூடாது என்று தீர்ப்பானது. ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். பார்சிலோனா என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

தையில் என் கல்யாணம் நடந்தது. அக்காவுக்குப் பத்திரிகை கொடுத்தேன், வரவில்லை. வராமல் இருந்ததும் எனக்காகத்தான் என்று தெரிந்தும் அப்பாடா என்றிருந்தது. அடுத்த வருடம் என் வேலை நிரந்தரமானது. அதே வருடம் பார்சிலோனாவிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. கஸ்தூரியையே அனுப்ப வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்கள். அவர் உடல்நலம் சரியில்லாததால் வர இயலாது என்று சங்கத்திலிருந்து பதில் போனது. அன்று அவர் கல்லு மாதிரி திடமாக இருந்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அழைப்பு வந்ததே அவருக்குக் கடைசி வரை தெரியாது.

மாதம் ஒருமுறை நெய்த புடவையைக் கொடுத்துப் பட்டு வாங்கிப் போகச் சங்கத்துக்கு வருவார். கவுண்டரில் என் முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார். ஏதோ கேட்க வருகிறார் என்று தெரியும். நான் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். "வரேன்டி" என்று போய்விடுவார். எத்தனை மாதம், எத்தனை வருடம் இப்படிப் போனது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு ஆனி மாதம் நானும் என் கணவரும் வெம்பாக்கம் போகும் பஸ்ஸில் முள்ளிப்பட்டு ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே தண்ணீர் இல்லாத மணலில் ஒரு சின்ன நெருப்பு. ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் கைகோத்துக்கொண்டு அதைத் தாண்டினார்கள். ஒருமுறை, இன்னொரு முறை. "யாரோ பைத்தியம் போல" என்றார் என் கணவர். அன்று அமாவாசை. அது அக்காவும் அவர் பிள்ளைகளும்தான் என்று எனக்குத் தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல என் கை மணிக்கயிறு வரை போனது. நிறுத்தவில்லை. தண்ணீர் இல்லாத ஆற்றில் அவர் எதில் முழுகியிருப்பார் என்று அந்த இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து வெளியே போனதற்காக வீட்டில் பெரிய சண்டை நடந்ததென்று மறுவாரம் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் வேலூரில் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் ஆளே இல்லை, போர்வை மட்டும் கிடப்பதாகத் தெரிந்தது. "ஒக்காரு. ஜல்தியா போவணுமா?" என்றார். இல்லை என்றேன். "வெள்ளி பூசிகினு சிலையா நின்னாளே ஒரு பொண்ணு. அவ கண்ணு இன்னா கலருடி? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வரல" என்றார். பக்கத்தில் ஏகாம்பரம் அண்ணனும் மூத்தார் மனைவியும் நின்றிருந்தார்கள். "ஞாபகம் இல்லக்கா" என்றேன். பச்சை. அன்றும் எனக்குத் தெரியும், இன்றும் தெரியும். பக்கத்தில் நின்றவர்களுக்குப் பயந்து, சாகக் கிடந்தவரிடம் ஒரு நிறத்தைச் சொல்லாமல் விட்டேன்.

மற்ற இருவரும் மருந்து வாங்கப் போனதும் அவர் என் விரலைப் பிடித்தார். "ஒம்மேல எனக்குக் கோவம் இல்லடி. நீ தூங்கிட்டன்னு நான்தான சொன்னேன். ஆனா அந்த ராத்திரியப் பத்திப் பேசறதுக்கு எனக்கு ஒருத்தர் கூட இல்ல. ஒலகத்துலயே நீ ஒருத்திதான் இருந்த. நீயும் இல்லன்னு ஆயிட்ட. சில நாள் அது நெசமா நடந்துச்சான்னே எனக்கு சந்தேகமா கீது." அடுத்த முறை வரும்போது எல்லாம் பேசலாம் அக்கா, உட்கார்ந்து முதலிலிருந்து பேசலாம் என்றேன். தலையாட்டினார். சங்கத்தில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். மூன்றாவது வாரம் பஸ்ஸில் அந்த அழைப்பு வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, பத்து வருடம் நோட்டுக்குள் இருந்த ஐந்தாவது படத்தை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் அண்ணனிடம் கொடுத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். குழல்விளக்கின் கீழ் அதை நெடுநேரம் பார்த்தார். "இப்படிச் சிரிப்பாளா அவ" என்றார். பிறகு, "நீயும் இருந்தியா" என்றார்.

"இருந்தேன்ணா."

"தெரியாத ஊர்ல, பாஷை தெரியாத ஆளுங்க நடுவுல, தனியா போனாளேன்னுதான் எனக்கு ஆத்திரம். அந்தக் கோவத்துல அதப் பத்தி ஒரு வார்த்த அவளப் பேச வுடல." படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "போன மாசம் வந்து இதச் சொல்லியிருந்தா அவளாவது கேட்டிருப்பா. இப்ப எங்கிட்ட சொல்லி இன்னாம்மா ஆவப் போவுது?" எழுந்து உள்ளே போய்விட்டார். முன்னறையில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கேட்க வேண்டியவர் போய்விட்டார். எதற்கும் உதவாத நேரத்தில் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் மண்டபத்தில் ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியத்தான் திருப்பி வாங்க வேண்டும். செயலாளர் பொய் சொன்னவள் என்று நீங்கள் பேசிக்கொள்ளலாம். என் வீட்டிலும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

கஸ்தூரி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு படம்தான். இந்தப் பக்கத்தில் அதை அச்சிடச் சொல்லியிருக்கிறேன். இடதுபக்கம், ஈரப் புடவையில், மூக்குத்தி மின்ன நிற்பவர் கஸ்தூரி. அவருடைய ஒரு கை காலியாக இருக்கிறது, பாருங்கள். இன்னொரு கை பக்கத்தில் நிற்பவளின் கையை இறுகப் பிடித்திருக்கிறது. சிவப்புக் கோப்பையோடு, வாயெல்லாம் சிரிப்பாக வலதுபக்கம் நிற்பவள் நான். அன்று இரவு நான் தூங்கவில்லை.